ட்வைன்: கூடிக் கதை கட்டுவோருக்கு ஒரு கருவி

பல கிளைகளாகப் பிரிந்து செல்லும் கதைகளை, நிரல் எழுதத் தெரியாதவர்களும் கணினியில் உருவாக்க வேண்டும் என்பதற்காக கிறிஸ் கிளைமாஸ் 2009இல் வெளியிட்ட இலவச மென்பொருள் ட்வைன். தனி ஒருவர் அமர்ந்து எழுதுவதை மனத்தில் வைத்தே இது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இருவர் ஒரே கதையை ஒரே நேரத்தில் திறந்து எழுதும் வசதி இதில் கிடையாது. அப்படியிருந்தும், எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து கதை கட்டுவதற்கு நாங்கள் பயன்படுத்திய கருவிகளில், கூட்டு எழுத்துக்கு மிக நன்றாகப் பொருந்தி வந்தது இதுதான். அதற்குக் காரணம் ட்வைனின் மிகச் சிறிய பண்பு ஒன்று. அதன் அருமையையும், அதைப் பெறுவதற்கு நாம் ஏற்க வேண்டிய சிரமங்களையும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ட்வைனை அதன் தளத்திலேயே உலாவி வழியாகத் திறந்து பயன்படுத்தலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றுக்கும் தனிச் செயலியாகவும் கிடைக்கிறது. புதிய கதையைத் தொடங்கியதும், கட்டங்கள் இட்ட வெற்றுப் பரப்பும் அதன் நடுவே ஒரு சதுரப் பெட்டியும் தோன்றும். அந்தப் பெட்டியைத் திறந்து கதையின் முதல் பகுதியை எழுதுகிறோம்; ஒவ்வொரு பெட்டியும் கதையின் ஒரு பத்தி. வாசகர் அடுத்து எங்கே போகலாம் என்பதை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டால் அது இணைப்பாகிவிடும். எடுத்துக்காட்டாக, [[ஆட்டைப் பின்தொடர்ந்து போ->ஆற்றங்கரை]] என்று எழுதினால், அம்புக்குறிக்கு முன்னால் உள்ள சொற்கள் வாசகரின் கண்ணுக்குத் தெரியும். பின்னால் உள்ளது அவர் சென்று சேரும் பத்தியின் பெயர். கற்றுக்கொள்ள வேண்டிய அடிப்படை அவ்வளவுதான். எங்கள் வட்டத்தில் கணினியை அஞ்சி ஒதுங்கியிருந்த மூத்தவர்களும் ஒரே அமர்வில் இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் சொல்ல வந்த பண்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. 'ஆற்றங்கரை' என்ற பத்தி இன்னும் எழுதப்படவில்லை என்றால், இணைப்பை எழுதி முடித்த கணமே ட்வைன் அந்தப் பெயரில் வெறுமையான ஒரு பெட்டியை உருவாக்கி, முந்தைய பெட்டியிலிருந்து அதற்கு ஓர் அம்பையும் வரைந்துவிடுகிறது. அதாவது, எழுதியவர் ஒரு வாக்குறுதியைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாலும், அந்த வாக்குறுதி வரைபடத்தில் பெயரோடு நிற்கிறது. அடுத்து வந்து அமர்பவர் எங்கிருந்து தொடங்குவது என்று தடுமாற வேண்டியதில்லை.

எங்கள் கதை ஒன்றின் தொடக்கத்தை இங்கே காட்டுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய முதல் பத்தி இப்படித் தொடங்கியது: "தேரோட்டம் முடிந்த மறுநாள் காலையில் அளந்து பார்த்தபோது, தேர்வடம் இரண்டு முழம் குறைந்திருந்தது." அதன் கீழே அவர் இரண்டு வழிகளை வைத்தார். ஒன்று, கோயில் மணியக்காரரிடம் போய்க் கேட்பது; மற்றொன்று, வடத்தின் அறுந்த நுனியை உற்றுப் பார்ப்பது. அவர் மனத்தில் இருந்தது ஒரு திருட்டுக் கதை. மணியக்காரரின் வழியை அவரே எழுதிக்கொண்டு போனார். நுனியின் பெட்டி வெறுமையாக நின்றது. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைத் திறந்து, "நுனி அறுக்கப்படவில்லை, மென்று தின்னப்பட்டிருந்தது" என்று ஒரே வரியை எழுதி, 'தின்றது யார்?' என்ற இணைப்பை அதன் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த கூட்டத்துக்குள் அந்தப் பெட்டியிலிருந்து வழிகள் கிளம்பியிருந்தன: ஆட்டைத் தேடி ஒன்று, கோயில் யானையின் கொட்டடிக்கு ஒன்று, பசி பொறுக்காத பூதம் ஒன்று வசிக்கும் ஏரிக்கு ஒன்று. தம்முடைய கதை கைவிட்டுப் போகிறதே என்று ஆசிரியர் சற்றுத் தயங்கியபோது அந்தச் சிறுமி, "தாத்தா, நீங்க திருடனைப் பிடிங்க, நான் ஆட்டைப் பிடிக்கிறேன்" என்றாள். இரண்டும் அந்தக் கதையில் இருக்கின்றன. எது உண்மை என்பதை வாசிப்பவர் செல்லும் வழி தீர்மானிக்கிறது.

வாட்ஸப் குழுக்களில் ஆளுக்கு ஒரு பத்தி என்று தொடர்கதை எழுதிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். நேர்க்கோட்டில் செல்லும் தொடர்கதையில், மூன்றாமவர் நாயகனைக் கொன்றுவிட்டால் நான்காமவர் பிணத்தை வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். அல்லது அதைக் கனவென்று சொல்லித் தப்பிக்க வேண்டும். வேகமாக எழுதுபவர் கதையை இழுத்துக்கொண்டு போவார், யோசித்து எழுதுபவர் பின்தங்கிவிடுவார். கிளைக் கதையில் கருத்து வேறுபாடு ஒரு புதிய வழியாகிவிடுகிறது. யாரும் யாருடைய வரியையும் அடிக்க வேண்டியதில்லை என்பதால், குறிப்பாகப் பிள்ளைகளுடன் எழுதும்போது, கூட்டத்தில் எவர் முகமும் வாடுவதில்லை.

கூட்டுக் கதை சொல்லலுக்கு இணையத்தில் வேறு வழிகளும் இருக்கின்றன. 2014இல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் மக்களிடம் நிதி திரட்டி வளர்ந்த ஸ்டோரியம், கதையை ஒரு சீட்டாட்டமாகவே அமைத்திருக்கிறது: கதைசொல்லி ஒருவர் காட்சியையும் சிக்கலையும் முன்வைக்க, மற்றவர்கள் தத்தம் பாத்திரத்தின் வலிமை, பலவீனம் ஆகியவற்றைக் குறிக்கும் அட்டைகளை இறக்கி அதற்கேற்ப எழுத வேண்டும். ஆயிரக்கணக்கானோர் எழுதிவரும் எஸ்.சி.பி. ஃபவுண்டேஷன் விக்கியில், எல்லோரும் ஒரே கற்பனை நிறுவனத்தின் ஆவணங்களை எழுதுவதாக ஒரு பொதுச் சட்டகம் இருக்கிறது. வாசகர்களின் வாக்கு மிகவும் குறைந்த பக்கங்கள் நீக்கப்பட்டுவிடும். முன்னதில் முறை காத்திருத்தல் அதிகம். பின்னது தேர்ந்த கைகளுக்கு உரியது; தன் பக்கம் நீக்கப்படுவதைப் பத்து வயதுப் பிள்ளை தாங்காது. இவ்விரண்டின் ஆழமும் ட்வைனில் இல்லைதான். ஆனால் ஒரு சிறு குழு தன் சொந்த விதிகளை வகுத்துக்கொள்ள ட்வைன் அளவுக்கு இடம் தருபவை அவை அல்ல.

இனிச் சிரமங்களுக்கு வருகிறேன். முதலாவது, ட்வைனுக்கு மட்டும் உரியதன்று. கிளைக் கதை என்ற வடிவத்துக்கே உரியது. ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு வழிகள் வைத்து, எந்த வழியையும் எங்கும் சேர்க்காமல் பத்து முறை பிரித்துக்கொண்டே போனால் 1024 முடிவுகளை எழுத வேண்டிவரும். ஒருவர் எழுதினால் ஐந்தாவது பிரிவிலேயே சோர்ந்து நிறுத்திவிடுவார். பலர் எழுதினால் நிறுத்த ஆளிருக்காது. ஆகவே, பிரிந்த வழிகள் மீண்டும் கூடும் சில பொது இடங்களை முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது அவசியம். எங்கள் தேர்வடக் கதையில், எந்த வழியில் போனாலும் மாலைக்குள் எல்லோரும் தேர்முட்டிக்குத் திரும்பியாக வேண்டும் என்று விதி வைத்தோம். அந்த ஒரு விதி கதையைக் காப்பாற்றியது.

வழிகள் கூடும்போது, வாசகர் எந்த வழியாக வந்தார் என்பதைக் கதை நினைவில் வைத்திருக்க வேண்டும் அல்லவா? அதற்கு ட்வைன் மாறிகளைத் தருகிறது. ஆட்டைப் பிடித்தவரா, மணியக்காரரைப் பகைத்துக்கொண்டவரா என்பதைக் குறித்துவைத்து, தேர்முட்டிப் பத்தியில் அவரவருக்கு ஏற்ற வரியை மட்டும் காட்டலாம். இதற்கான கட்டளைகளை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் கதை அந்த இடத்தில் பிழை காட்டி நின்றுவிடும். குழுவில் ஒருவர் மட்டும் இந்த வேலையை எடுத்துக்கொள்வதே நல்லது. மற்றவர்கள் "இங்கே ஆடு கையில் இருந்தால் மட்டும்" என்று தமிழிலேயே குறிப்பு எழுதிவிட்டுப் போகலாம்.

வரைபடத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்திகளுக்குக் குறிச்சொல் இட்டு, அந்தக் குறிச்சொல்லுக்கு ஒரு நிறமும் தரலாம். காட்சிகளையும் இடங்களையும் வகைப்படுத்தவே பலரும் இதைப் பயன்படுத்துகிறார்கள். நாங்கள் எழுதுபவருக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டோம். வரைபடத்தைப் பார்த்தவுடன் யார் எந்தப் பக்கம் எழுதிக்கொண்டு போகிறார்கள், எந்தப் பெட்டி யாருக்கும் உரிமையில்லாமல் நிற்கிறது, இருவரின் நிறங்கள் எங்கே பின்னிக்கொள்கின்றன என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். தொடக்கத்திலிருந்து ஓட்டிப் பார்க்காமல், எந்தப் பத்தியிலிருந்தும் கதையைச் சோதித்துப் பார்க்கும் வசதியும் உண்டு. 2018இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட, பார்வையாளரே போக்கைத் தேர்ந்தெடுக்கும் 'பேண்டர்ஸ்னாட்ச்' படத்தின் கதைப்போக்கு முதலில் ட்வைனில்தான் வகுக்கப்பட்டது என்பதில் வியப்பில்லை. சிக்கலான ஒரு கதையைப் பலர் கூடிப் பேசும்போது, எல்லோரும் ஒரே இடத்தைச் சுட்டிக் காட்டிப் பேச ஒரு படம் தேவைப்படுகிறது.

ஒரே நேரத்தில் எழுத முடியாமை உண்மையான குறை. கதை ஒரு கோப்பாக ஒருவர் கணினியில் இருக்கிறது. அவர் எழுதிவிட்டு அதை மற்றொருவருக்கு அனுப்ப வேண்டும். பெற்றவர் அதைத் தம் ட்வைனுக்குள் இறக்கிக்கொண்டு எழுத வேண்டும். இடையில் முதலாமவரும் பழைய பிரதியில் எழுதத் தொடங்கிவிட்டால், இரண்டு கதைகள் உருவாகிவிடும். அவற்றை ஒன்றாக்கித் தரும் பொத்தான் எதுவும் இல்லை. எங்கள் தீர்வு எளிமையானது: இப்போது கோப்பு யாரிடம் இருக்கிறது என்பதைக் குழுவில் அறிவிப்பது, அறிவித்தவர் திருப்பித் தரும்வரை வேறு யாரும் தொடாமல் இருப்பது. நூலகத்தில் ஒரே கணினியைச் சுற்றி அமர்ந்து எழுதும்போது இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. வெவ்வேறு ஊர்களில் இருந்து எழுதும் குழுவுக்கு இது பெரிய தடைதான்.

தொழில்நுட்பத்தில் சற்றுப் பழக்கம் உள்ள குழுவுக்கு இதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. ட்வைன் கதைகளை 'ட்வீ' என்ற எளிய உரை வடிவிலும் எழுதலாம். அதில் ஒவ்வொரு பத்தியும், இரண்டு முக்காற்புள்ளிகளைத் தொடர்ந்து பத்தியின் பெயர் வரும் ஒரு வரியோடு, அதாவது :: ஆற்றங்கரை என்பதைப் போலத் தொடங்கும், அதன் கீழே கதை. ஒவ்வொருவரும் தம் பத்திகளைத் தனித்தனி உரைக் கோப்பில் எழுதிவைத்தால், 'ட்வீகோ' என்ற சிறு கருவி அவை அனைத்தையும் சேர்த்து ஒரே கதையாகத் தொகுத்துக் கொடுத்துவிடும். உரைக் கோப்புகள் என்பதால் கிட்ஹப் போன்ற தளத்தில் வைத்து, யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பதையும் கண்காணிக்கலாம். இந்த வழியில் வரைபடத்தின் இன்பம் போய்விடுகிறது. பிள்ளைகளோடு எழுதுவோருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்; கல்லூரி மாணவர் குழுவுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

சேமிப்பு பற்றி எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று: உலாவியில் எழுதும் கதை எந்தச் சேவையகத்துக்கும் போவதில்லை, அந்த உலாவியின் நினைவகத்திலேயே தங்குகிறது. உலாவியின் தரவுகளைத் துடைத்தால் கதையும் போய்விடும். சஃபாரி உலாவியோ, ஒரு தளத்தை ஏழு நாள் பயன்படுத்தாமல் விட்டால் அதன் தரவைத் தானாகவே நீக்கிவிடக்கூடியது. பொதுக் கணினியில் எழுதுவோர் ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் கதைகள் அனைத்தையும் காப்புக் கோப்பாக இறக்கிவைக்க வேண்டும். சொந்தக் கணினி உள்ளவர்கள் தனிச் செயலியை நிறுவிக்கொள்வது நல்லது, ஏனெனில் அது கதைகளைச் சாதாரணக் கோப்புகளாகவே வட்டில் சேமிக்கிறது.

தமிழில் எழுதுவோருக்கு மட்டும் உரிய சில செய்திகள் உண்டு. ஒருங்குறி எழுத்து என்பதால் தமிழ் எல்லா இடத்திலும், பத்தியின் பெயரிலும்கூட, தடையின்றி வருகிறது. தொடக்கநிலைத் தோற்றத்தில் வரிகள் தமிழுக்குச் சற்று நெருக்கமாக அமைகின்றன. பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் நடைத்தாள் பகுதியில் நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றைக் குறிப்பிட்டு வரி இடைவெளியைக் கூட்டிவிட்டால் பக்கம் கண்ணுக்கு இதமாகிவிடும். ஆனால் எழுத்துப் புதிர்கள் வைக்கும்போது கவனம் தேவை. 'தமிழ்' என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்துகள். கணினிக்கு ஐந்து குறியீடுகள். கடவுச்சொல்லின் முதல் எழுத்தை மட்டும் காட்டு என்று கட்டளையிட்டால், 'கோபுரம்' என்பதற்குக் 'கோ' வராது, வெறும் 'க'தான் வரும்.

கூட்டு எழுத்தில் இன்னொரு நுட்பமான சிக்கலும் எழக்கூடும். 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம்; திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒருவர் ஒரு விசைப்பலகையில் 'கொட்டடி' என்று பத்திக்குப் பெயரிட்டு, மற்றொருவர் வேறு விசைப்பலகையில் அதே பெயருக்கு இணைப்புக் கொடுத்தால், அவை வெவ்வேறு பெயர்களாகக் கொள்ளப்பட்டு இரண்டாவது கொட்டடி ஒன்று வெறுமையாகத் தோன்ற வாய்ப்புண்டு. ஒரே பெயரில் இரண்டு பெட்டிகளைக் கண்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். குழுவில் எல்லோரும் ஒரே விசைப்பலகை முறையைப் பயன்படுத்துவதும், பத்திப் பெயர்களைச் சுருக்கமாக வைப்பதும் உதவும். வேற்றுமை உருபு ஏறிய தொடர்களை அம்புக்குறிக்கு முன்னால் வைத்துக்கொண்டு, பெயரை எப்போதும் 'கொட்டடி', 'தேர்முட்டி' என்று எழுவாயாகவே எழுதுவதும் நல்ல பழக்கம். பத்தியின் பெயரைப் பிறகு மாற்றினால், அதைச் சுட்டும் இணைப்புகளையும் ட்வைனே மாற்றிவிடும்.

கதை வாசகருக்கு எப்படித் தோன்றும், எந்தக் கட்டளைகளை ஏற்கும் என்பதைத் தீர்மானிப்பவை கதை வடிவங்கள்; ட்வைனோடு நான்கு வருகின்றன. இயல்பாக வரும் ஹார்லோ, தொடங்குவோருக்குப் போதுமானது. கதையை இடையில் சேமித்து விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி, ஒலி ஆகியவை விரிவாகத் தேவைப்பட்டால் சுகர்கியூப். எளிய இலக்கணம் வேண்டுவோர் சாப்புக்கையும், ஜாவாஸ்கிரிப்ட் அறிந்தோர் ஸ்னோமேனையும் பார்க்கலாம். ஒன்றில் எழுதிய கட்டளைகள் மற்றொன்றில் ஓடாது என்பதால், குழு முதல் நாளிலேயே ஒன்றைத் தீர்மானித்துவிட வேண்டும். ஹார்லோவில் வாசகர் ஒரு படி பின்னால் போய் வேறு வழியைத் தேர்ந்தெடுக்க இயல்பாகவே அம்புக்குறி தரப்பட்டிருக்கிறது. சில கதைகளில் இது தீர்மானத்தின் கனத்தைக் குறைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். ஆனால் பிள்ளைகள் எழுதிய கதையைப் பிள்ளைகளே வாசிக்கும்போது, நண்பன் எழுதிய கிளை எது என்று தேடித் திரும்பிப் போவதே அவர்களுக்குப் பெரிய மகிழ்ச்சி.

எழுதுவதற்குக் கைப்பேசி பொருந்தாது. சிறிய திரையில் வரைபடத்தை நகர்த்துவதிலேயே பொறுமை தீர்ந்துவிடும். வாசிப்பதற்கோ கைப்பேசி போதும். கதையை வெளியிடும்போது ட்வைன் ஒரே ஒரு எச்.டி.எம்.எல். கோப்பைத் தருகிறது. படங்களோ ஒலியோ சேர்க்காத கதையானால் அந்தக் கோப்பு மிகச் சிறியது. மின்னஞ்சலில் அனுப்பலாம், இணைய இணைப்பு இல்லாமலும் எந்த உலாவியிலும் திறக்கலாம், கணினி விளையாட்டுகளைப் பகிரும் இட்ச் தளத்தில் கட்டணமின்றி ஏற்றிவைக்கலாம். ட்வைன் ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் வரும் கட்டற்ற மென்பொருள். அதில் எழுதிய கதை எழுதியவருக்கே உரியது, விற்கவும் தடையில்லை.

வெளியிட்ட அந்தக் கோப்புக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதை அப்படியே ட்வைனுக்குள் மீண்டும் இறக்கினால், பத்திகளும் அம்புகளும் வரைபடத்தோடு திரும்பக் கிடைத்துவிடுகின்றன. வாசித்து முடித்த ஒருவர், ஏரிப் பூதத்தின் கதை இன்னும் நீண்டிருக்கலாமே என்று நினைத்தால், கோப்பைத் திறந்து தாமே ஒரு பெட்டியைச் சேர்த்து எங்களுக்குத் திருப்பி அனுப்ப முடியும். இதை வாசகர்கள் அறியமாட்டார்கள் என்பதால் நாமே சொல்லிவிடுவது நல்லது. கூட்டாக எழுதிய கதையை வெளியிடுவோர், எழுதியவர் அனைவரின் ஒப்புதலோடு, முதல் பத்தியிலேயே இரண்டு செய்திகளைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும்: யார் வேண்டுமானாலும் இதில் கிளை சேர்க்கலாமா என்பது ஒன்று, சேர்த்தால் முன்பு எழுதியவர்களின் பெயர்களை எங்கே, எப்படிக் குறிப்பிட வேண்டும் என்பது மற்றொன்று.